ஒற்றை வார்த்தைக்கு மார்க் கிடையாது

அன்றைக்கு மஸ்டர் ஷெட்டில், அதாவது தோட்டத்தில் ஆஜர் எடுக்கிற கொட்டகையில், இருந்தவர்கள்: என் அம்மா அன்னக்கிளி. அடுத்த வீட்டுச் செல்லத்தாய் சித்தி. மரியபுஷ்பம் அக்காவும் அவர் வீட்டுக்காரர் ஞானமுத்துவும். மருந்தடிக்கிற முத்துக்காளை மாமா. கிரெஷ்ஷில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ராசம்மாள். இந்த ஆறு பேரும் தேயிலைத் தோட்டத்தில் காலம் பூராவும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். அப்புறம் யூனியனிலிருந்து ஒருவர். வந்ததிலிருந்து போகிறவரை போனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர். நான். கடைசியாக அவர். மொத்தம் பத்துப் பேர்.

இந்தப் பத்துப் பேரை எத்தனை மேசைக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பெயர் முன்னே பின்னே போனாலும் பொய் சொல்கிறாள் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து, எப்போதும் இதே வரிசையில்தான் சொல்வேன். என் சுபாவம் அப்படி. பாலை அடுப்பில் வைக்கும்போதே திரிந்துவிடுமோ என்று நினைப்பேன். மழை பெய்தால் மண் சரியும், பெய்யாவிட்டால் கொழுந்து வராது. இரண்டுக்கும் சேர்த்துக் கவலைப்படுவேன். “ஒனக்குக் கவலைப்படுறதுதான் தொழிலு, டீக்கட சைடு பிசினஸு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும் வண்டிப்பெரியாரில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். மீதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் கடை. கடைக்கு மேல் மாடியில் ஒரு பாரலல் காலேஜ். பள்ளிக்கூடத்தில் தோற்றவர்களும், காலேஜில் சீட் கிடைக்காதவர்களும் வந்து படிக்கிற இடம். அங்கே அவர் எகனாமிக்ஸ் சார். மாடித் தரை பலகை. மேலே அவர் கால் மாற்றி நின்றால் கீழே என் சர்க்கரை டப்பாவில் தூசி விழும். அதனால் காலை ஒன்பதரையிலிருந்து டப்பாவை மூடியே வைத்திருப்பேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்தப் பலகை வழியாக விலை, தேவை, வரவு செலவுத் திட்டம், பணவீக்கம் எல்லாம் என் தலையில் விழுந்துகொண்டே இருந்தன.

மாடியில் அவர் அடிக்கடி சத்தம் போடுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். யாராவது பையனோ பெண்ணோ கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் எழுதிவிட்டால் போச்சு. “ஒத்த வார்த்தைக்கு மார்க் கிடையாது! விளக்கணும்! ஏன், எதுக்கு, எப்படி? இது எகனாமிக்ஸ், ஆஜர் சொல்ற மஸ்டர் இல்ல!” என்று கத்துவார். பலகை அதிரும். டீ குடிக்க வந்த டிரைவர்கள் மேலே பார்த்து, “மாஷு ஏறிட்டாரு” என்பார்கள்; மலையாளத்தில் சாருக்கு மாஷு.

அவரும் லயத்தில், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைதான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். செல்லத்தாய் சித்தியின் ஒரே மகன். தபாலில் எம்.ஏ. படித்தார். எங்கள் லயத்தில் எம்.ஏ. என்ற இரண்டெழுத்தை முதலில் வாங்கியவர். சின்ன வயதில் நான் அவரை அண்ணே என்பேன். மாடியில் போர்டு மாட்டிய பிறகு சார் என்று ஆகிவிட்டது.

எந்தக் கஷ்டத்துக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அதுதான் அவர். அவர் நல்லவரா கெட்டவரா என்றெல்லாம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு விளங்காத துன்பம் என்று ஒன்று இந்த மலையில் கிடையாது. டீயை வாங்கி மேசையில் வைப்பார், பேச ஆரம்பிப்பார், டீ ஆறி ஆடை கட்டிவிடும். நான் வேறு டீ போட்டுக் கொடுப்பேன். அதுவும் ஆறும். இத்தனை வருஷத்தில் அநியாயம் என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

நான் படிப்பை விட்ட கதையைச் சொல்கிறேன். அப்பா சவுக்கு மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். தம்பி ஆறாவது படித்தான். அம்மா ஒருத்தி சம்பளம். நான்தான் நிற்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு ராத்திரி அம்மா அழுதுகொண்டிருந்தபோது அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அப்போது அவருக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை.

“அழாதீக சித்தி” என்றார். “வீட்டுல இருக்குறது ஒத்த ரூபா. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் அதப் போட முடியும். எங்க போட்டா திரும்பி வரும்னு பாக்கணும்ல? பொம்பளப்புள்ள நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள. நீங்க செஞ்சது சரிதான்.”

அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். தான் செய்தது பாவமில்லை, கணக்கு என்று அவளுக்கு ஆறுதல். நான் அன்றைக்குத்தான் அழ ஆரம்பித்தேன். போட்ட ரூபாய் இப்போது திருப்பூரில் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணும்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அங்கேதான் எனக்குக் கோபமே. கெட்டவன் என்றால் காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம். இவர் லயத்துப் பிள்ளைகளிடம் பீஸ் வாங்கியதே இல்லை. ஒரு மழைக்காலத்தில் லயத்துக்கு மேலே மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தபோது, காய்ச்சலில் கிடந்த என் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு சேற்றில் இறங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் போனவர். போகிற வழியெல்லாம், மலையில் மரத்தை வெட்டி ரிசார்ட் கட்டினால் அதன் லாபம் ஒருவனுக்கும் நஷ்டம் வேறொருவனுக்கும் எப்படிப் போகிறது என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். முதுகில் இருந்த அம்மா, “ஏப்பா, மொதல்ல காலப் பாத்து வையி” என்றாளாம்.

ஒரு தடவை அம்மா வேலை முடிந்து கடைக்கு வந்தாள். தேயிலைக் கறை படிந்த விரலால் அலமாரியில் தொங்கின தேயிலைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, “ஏன் தம்பி, இது வெல ஏறிக்கிட்டே போகுது. எங்க கூலி மட்டும் ஏன் படுத்துக் கெடக்கு?” என்று கேட்டாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பன்னை எடுத்தார். “இந்தா சித்தி, இதுதான் பாக்கெட்டு வெல” என்று பிய்க்க ஆரம்பித்தார். இது கடைக்காரனுக்கு. இது லாரி வாடகை. இது விளம்பரம். இது பாக்கெட் போடுகிற கம்பெனிக்கு. இது ஏலம் போடுகிறவனுக்கு. இது தோட்டக் கம்பெனிக்கு. மேசையில் கொஞ்சம் தூள் மிஞ்சியது. “இதுதான் நீங்க” என்றார். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுக்கொண்டார். கடைசியில் தூளையும் வழித்து வாயில் தட்டிக்கொண்டார்.

“பன்னு பூராவும் நீதானப்பா தின்ன” என்றாள் அம்மா.

கடையே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். நான் பன்னுக்குக் காசு வாங்கினேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. பன்னை இப்படித்தான் பிய்க்க வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார். அது சந்தை என்றிருப்பார். மழையைச் சொல்வது போலச் சொல்வார். பெய்கிறது, என்ன செய்ய.

நோட்டு செல்லாது என்று திடீரென்று அறிவித்த சமயத்தில் தோட்டத்தில் சம்பளம் போட கம்பெனியிடம் ரொக்கம் இல்லை. பேங்க் வாசலில் ஊரே வரிசையில் நின்றது. அவரும் நின்றார். நின்றவர் சும்மா நிற்கவில்லை. கறுப்புப் பணம் என்றால் என்ன, ரொக்கம் குறைந்தால் என்ன ஆகும், கொஞ்ச நாள் கஷ்டம் ஏன், நீண்ட காலத்தில் நன்மை எப்படி என்று முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் பாடம் நடத்தினார். வெயில் ஏறியது. ஞானமுத்து மாமா மயங்கி விழுந்தார். அவர்தான் ஓடித் தாங்கினார். என் கடையிலிருந்து சோடா வாங்கிப் போய் முகத்தில் தெளித்தார். தன் பைலால் விசிறிவிட்டார். விசிறிக்கொண்டே, “அதாவது, பேங்க்குல பணம் சேர்ந்தா வட்டி கொறையும்…” என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஞானமுத்து மாமா ஒரு கண்ணைத் திறந்து, “சார் இன்னும் முடிக்கலையா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

அந்த முடிவை அவர் ஆதரித்தாரா என்று கேட்டால் அதுவும் இல்லை. “எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கு. ஆனா, ஏன் செஞ்சாகன்னு புரிஞ்சிக்கணும்ல?” என்பார். பட்ஜெட் அன்றைக்கு என் கடை டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு டெல்லிக்காரர் பக்கத்து நியாயத்தைச் சொல்வார். அடுத்து திருவனந்தபுரத்து நியாயம். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் என்றால் காலையில் யூனியன் கூட்டத்தில் தொழிலாளி பக்கத்தை விளக்குவார், சாயங்காலம் கிளப்பில் முதலாளி பக்கத்தை விளக்குவார். எந்தக் கட்சி மேடையிலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. யாரும் அவர்மேல் கோபப்பட்டதில்லை. எல்லாருடைய நியாயத்தையும் அவர்களைவிட அழகாகச் சொல்கிற ஆள்மேல் யார் கோபப்படுவார்கள்? நான்தான் படுகிறேன்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டங்களில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஓய்வு பெற்றாலும் லயத்து வீட்டை விட மாட்டோம். கிராஜுவிட்டி, அதாவது ஓய்வு பெறும்போது கம்பெனி தரவேண்டிய பணம், கைக்கு வந்த பிறகுதான் வீட்டுச் சாவியைக் கொடுப்போம். ஆபீஸ் மேசையில் இந்தப் பக்கம் பணம், அந்தப் பக்கம் சாவி. ஒழுகுகிற கூரை, ஒரு அறை, ஒரு அடுப்படி. அந்த வீட்டை யாரும் ஆசைக்காகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. கம்பெனி எங்கள் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, நாங்கள் கம்பெனியின் சாவியைப் பிடித்து வைத்திருக்கிறோம். ஏழைக்கு வேறு என்ன ஈடு இருக்கிறது?

அம்மா ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது. பணம் வரவில்லை. அப்போது அவர் ஒருநாள் மானேஜரைப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். கம்பெனிக்கு பேங்க் கடன் கிடைக்கப் போகிறது, தோட்டம் மறுபடி நன்றாக ஓடப் போகிறது, ஆனால் வீடுகள் காலியானால்தான் புது ஆள்களைக் கொண்டுவர முடியும் என்றார். ஆறு பேரையும் மஸ்டர் ஷெட்டுக்கு வரச் சொன்னார்.

“நான் சொல்றத நிதானமாக் கேளுங்க” என்று ஆரம்பித்தார். “வீடு பூட்டிக் கெடந்தா அது செத்த மொதல். அதுல ஆள் குடிவந்தா கொழுந்து வரும். கொழுந்து வந்தா காசு வரும். காசு வந்தா ஒங்க கிராஜுவிட்டி வரும். நீங்க சாவிய புடிச்சு வச்சிருக்கதா நெனைக்கிறீக. இல்ல. ஒங்க பணத்த நீங்களே புடிச்சு வச்சிருக்கீக.”

“சார், சாவி வாங்குனதா ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கிட்டா என்ன?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வருத்தமாகப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் நம்பாம நின்னா ரெண்டு பக்கமும் நஷ்டம். யாராவது ஒருத்தர் மொதல்ல கையை விடணும். நம்பிக்கையும் ஒரு மொதல்தான் புள்ள. சீட்டு கேட்டா அந்த மொதலு அழிஞ்சு போகும்.”

“இவ எப்பவும் இப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் செருப்பு காணாமப் போயிருமோன்னு வாசல்லயே நிப்பா” என்றாள் மரியபுஷ்பம் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் சாவியைப் போட்டது அவருடைய சொந்த அம்மா. “எடுங்கம்மா” என்றார், செல்லத்தாய் சித்தி மடியிலிருந்து எடுத்து, ராசம்மாளின் கிரெஷ் பால் வாளியில் போட்டார்கள். டங்கென்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் மற்றவர்கள் எப்படி மறுப்பார்கள்? எம்.ஏ. படித்த மகனே தன் அம்மா வீட்டை விடச் சொல்கிறான். என் அம்மா மஞ்சள் கயிற்றில் கட்டின சாவியைக் கயிற்றோடு போட்டாள். ஆறு பேருக்கு ஐந்து சாவி; மரியபுஷ்பம் அக்காவுக்கும் ஞானமுத்து மாமாவுக்கும் ஒரே வீடு. ரைட்டர் ஆளுக்குப் பத்தாயிரம் கவரில் வைத்துக் கொடுத்தார். மிச்சம் மூன்று மாதத்தில் என்றார். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ரைட்டரோடு மானேஜர் ரூமுக்குப் போனார். காலி வாளியோடு திரும்பினார். ராசம்மாள் அதை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

வந்த கடன் எந்தப் பக்கம் போனதோ தெரியாது. வடக்கேயிருந்து வந்த ஆள்கள் அந்த வீடுகளில் கொஞ்ச நாள் இருந்தார்கள், சம்பளம் வராமல் அவர்களும் போய்விட்டார்கள். தோட்டம் கை மாறியது. மானேஜர் மாறினார். பாக்டரி நின்றது. தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்து நிற்கிறது. அம்மாவையும் செல்லத்தாய் சித்தியையும் கடைக்குப் பின்னால் இருக்கிற ஒரே அறையில் நான்தான் வைத்துக்கொண்டேன். மாடியில் சித்தியின் மகனுக்கே படுக்க இடம் பற்றாது; பெஞ்சைச் சேர்த்துப் போட்டுத் தூங்குவார். ராசம்மாள் கம்பம் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞானமுத்து மாமா இப்போது இல்லை.

நாங்கள் லேபர் ஆபீசில் கேஸ் போட்டோம். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? இந்த ஆறு பேரும் வீட்டை ஒழித்துக் கொடுக்கவே இல்லை, சாவி இன்றுவரை வரவில்லை, வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறவர்களுக்கு எப்படிக் கிராஜுவிட்டி கொடுப்பது என்றது. பத்தாயிரம் எதற்கு என்று கேட்டதற்கு அது ஓணம் அட்வான்ஸ் என்றது. ரைட்டர் வேலையை விட்டு எங்கோ போய்விட்டார், போன் எடுப்பதில்லை. யூனியன்காரர், வாளியா, எந்த வாளி என்று கேட்டார். அன்றைக்குப் போனிலிருந்து நிமிர்ந்தே பார்க்காத ஆள், அதனால் அது பொய்யாகக்கூட இருக்காது. சாவி மானேஜர் கைக்குப் போனதைப் பார்த்தேன் என்று சொல்ல உலகத்தில் இனி சார் ஒருவர்தான்.

விசாரணை அன்றைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு ஜீப்பில் போனோம். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். பையில் நிறையக் குறிப்புகள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது.

கம்பெனி வக்கீல் பேசி முடித்ததும் ஆபீசர் இவரைப் பார்த்தார். மலையாளி, நல்ல மனுஷர். “மாஷே, தாக்கோல் மானேஜருக்குக் கொடுத்தோ இல்லையோ? அது மாத்ரம் பறஞ்ஞா மதி” என்றார். சாவியைக் கொடுத்தீர்களா இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அவர் நெற்றியை விரலால் தேய்த்துக்கொண்டார். “சார், சாவி கை மாறுச்சாங்கிறது மேலோட்டமான கேள்வி. அது ஏன் கை மாற வேண்டி வந்துச்சுன்னு பாக்கணும்” என்று தொடங்கினார். உலகச் சந்தையில் தேயிலை விலை. வெளிநாட்டிலிருந்து வருகிற மலிவுத் தேயிலை. தோட்டத் தொழிலுக்கு அரசு வைத்த கொள்கை. பேங்க் கடன் கொடுக்கிற விதம். கம்பெனி அன்றைக்கு உண்மையாகவே கொடுக்க நினைத்திருக்கலாம், சூழ்நிலை மாறியிருக்கலாம் என்றார். அந்த இடத்தில் கம்பெனி வக்கீல் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். ஆபீசர் மூன்று தடவை, “மாஷே, கொடுத்தோ இல்லையோ?” என்று கேட்டார். மூன்று தடவையும் இவர், “அதுக்குத்தான் வர்றேன்” என்றார். நான் பின்னால் நின்று, “ஆமான்னு சொல்லுங்க சார், ஆமான்னு சொல்லுங்க” என்று முணுமுணுத்தேன். வெளியே போ என்று பியூன் எனக்குக் கையைக் காட்டினார்.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஆபீசர் பேனாவை மூடினார். சாட்சி தெளிவாகச் சொல்லவில்லை என்று எழுதி வேறொரு தேதி போட்டார்.

அதே ஜீப்பில் திரும்பி வந்தோம். வளைவில் ஜீப் திரும்பும்போது செல்லத்தாய் சித்திதான் ஆரம்பித்தார்கள். “வாயத் தொறந்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு என்னடா கேடு?”

“அம்மா, வெறும் ஆமாங்கிறது விளக்கமாகாது. அந்த ஆபீசர் முழு நெலமயும் புரிஞ்சிக்கிட்டாத்தான்…”

“ஒன் விளக்கத்தக் கொண்டு போயி அடுப்புல வையிடா. ஒல கொதிக்குதான்னு பாப்பம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் சீட்டு வாங்கவில்லை என்பதுதான். அதற்கும் ஒரே ஒரு வார்த்தைதான் பதில்: ஏமாந்தேன். உலகத்துச் சந்தை முழுவதையும் இழுத்துக் கொண்டுவந்து அந்த மேசையில் கொட்டுவார், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டார். தான் ஏமாந்ததற்கு உலகத்தில் ஏதோ ஒரு பெரிய காரணம் இருந்தே ஆகவேண்டும் அவருக்கு. நாங்கள் அந்தக் காரணத்துக்கு அடியில் கிடக்கிறோம். மேசையில் மிஞ்சின தூள் மாதிரி.

எனக்கு அவர்மேல் மட்டும் கோபமில்லை. டிவியில் வருகிறவர்கள், கருத்தரங்கில் பேசுகிறவர்கள், நாற்காலியில் உட்கார்ந்து கொள்கை வகுக்கிறவர்கள் எல்லாருக்கும் எங்கள் கஷ்டம் நன்றாகவே விளங்குகிறது. தெரியாமல் யாரும் இல்லை. இந்த நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் விளக்கத்துக்குப் பஞ்சம் வராது. கொடுத்தாயா இல்லையா என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் நாக்கு நீண்டுவிடுகிறது.

செல்லத்தாய் சித்தி அடுத்த மழைக்கு இருக்கவில்லை. என் கடைக்குப் பின்னால்தான் உயிர் போனது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அவர், மலைப் பகுதியில் ஏன் பெரிய ஆஸ்பத்திரி வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். முத்துக்காளை மாமா அவர் தோளைப் பிடித்து, “ஏ தம்பி, அழுடா” என்றார். அவர் அழவில்லை. தன் அம்மாவுக்கு வரவேண்டிய பணத்துக்கு வாரிசு என்று ஒரு மனுக்கூட அவர் கொடுக்கவில்லை. அது எவ்வளவு என்று கேட்டதும் இல்லை. கொஞ்ச நாளில் மாடியில் போர்டைக் கழற்றினார்கள். எர்ணாகுளத்தில் ஏதோ கோச்சிங் சென்டரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பேங்க் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு என்றால் உயிராம். என் சர்க்கரை டப்பாவில் இப்போது தூசி விழுவதில்லை. ஆனாலும் ஒன்பதரைக்கு மூடி வைத்துவிடுகிறேன்.

அடுத்த விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறது. நேற்று அவருக்குப் போன் போட்டேன்.

“சார், பதினெட்டாம் தேதி வரணும். ஒரே வார்த்த. ஆமா. அவ்வளவுதான்.”

“வர்றதப் பத்தி இல்ல புள்ள. இப்ப சட்டமே மாறிக்கிட்டிருக்கு. தொழிலாளர் சட்டத்த நாலு தொகுப்பாக்குனதுல கிராஜுவிட்டி எங்க வருதுன்னா…”

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு டீ அடிக்கிற மேடையில் வைத்துவிட்டேன். குமளி பஸ் வந்து நின்றது. எட்டு டீ போட்டேன். பால் பொங்கியது, இறக்கினேன். போன் பேசிக்கொண்டே இருந்தது. பின்னால் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். தேயிலைக் கறை போன விரலில் இப்போது சோப்புத் தண்ணீர்ப் புண். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் பேசுறான்” என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஈரக் கையோடு போனை எடுத்தேன்.

“அண்ணே” என்றேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சொல் வந்தது. பாசத்தில் வரவில்லை. “மண்ணுச் சரிஞ்ச அன்னைக்கு எங்கம்மாவ முதுகுல தூக்கிட்டுப் போனீகளே, அவ இங்க கிளாஸு கழுவுதா. எழுவது வயசுல. எனக்கு விளக்கம் வேண்டாம். சாவிய மானேஜர் கையில குடுத்தீகளா, இல்லையா?”

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. பஸ் கிளம்பிப் போனது. ஒரு ஆள் சில்லறை கேட்டான், நான் கொடுக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, “ஆமா” என்றார்.

இதை அந்த மேசைக்கு முன்னால் சொல்வாரா என்று எனக்கு உடனே கவலை வந்துவிட்டது.

“சித்திக்கு இன்னும் எவ்வளவு வரணும்?” என்று என் அம்மாவைக் கேட்டார். என்னிடம் அவர் முதல் தடவையாகக் கேட்கிற கேள்வி.

முப்பத்தொரு வருஷ வேலை. வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி. கடைசியாக வாங்கின தினக்கூலி முந்நூற்று முப்பத்தொன்று. கம்பெனி ஓணம் அட்வான்ஸ் என்று சொல்கிற அந்தப் பத்தாயிரத்தையும் நான் கழித்துத்தான் சொன்னேன்.

ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து ரூபாய்.